ஒரு ரிவி கார்ட்டும் லினக்ஸும் நானும்

ட்ரைவர் என்ற உடனே பருத்தித்துறைக்கு ஓடுற 750ஆம் இலக்க பஸ்காரரைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறேன் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவேணும். இது கணனிக்குள் இருக்கிற ட்ரைவர். ஒரு சாமானைக் கணனியில் செருகினால், அதோடு எந்தப் பாஷையில் கதைக்கவேணும் என்று கணனிக்குச் சொல்லிக் கொடுக்கிற சின்ன நிரல். மொழிபெயர்ப்பாளர் என்று சொன்னால் இன்னும் பொருத்தம். அசைலம் விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரோடு போனவர்களுக்கு அவருடைய அருமை தெரியும். கதை முழுக்க உங்களிட்டைத்தான் இருக்கும். அவர் வராவிட்டால் நீங்கள் ஊமை.

2009இல் அமெரிக்கா முழுக்க ரிவி டிஜிட்டலுக்கு மாறியது. முதலில் பெப்ரவரி 17 என்றார்கள், பிறகு ஒபாமா வந்து ஜூன் 12க்குத் தள்ளிப்போட்டார். பழைய ரிவி வைத்திருக்கிறவர்கள் ஒரு மாற்றிப் பெட்டி வாங்க அரசாங்கம் ஒரு வீட்டுக்கு இரண்டு கூப்பன், ஒவ்வொன்றும் 40 டொலர் என்று கொடுத்தது. அந்தக் காசு ஜனவரியிலேயே முடிந்து, கேட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். நான் வரிசையிலேயே நிற்கவில்லை. என்னிடம் ரிவியே இல்லை.

அப்போது சான் ரமோனில் மூன்று பேர் ஓர் அறையில் இருந்தோம். ஒருவர் திருகோணமலை அண்ணை, மற்றது திருநெல்வேலித் தம்பி, நான். மூவரும் ஒரே குசினி. அறையில் இருந்தது யாரோ வேண்டாமென்று விட்ட ஒரு பழைய கணனியும், மூலை உடைந்த ஒரு மொனிற்றரும். அதில் விண்டோஸ் செத்துப்போனதால் உபுண்டு 8.10 போட்டிருந்தேன். லினக்ஸ் எனக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் உபுண்டு சீடியைத் தபாலில் சும்மா அனுப்புவார்கள், கேட்டால் போதும், முத்திரைக் காசும் வேண்டாம். ஒரு நண்பனுக்கு வந்த சீடியைத்தான் வகுப்பே சுற்றிப் போட்டது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட, படிப்பு மூன்றாம் வருடத்தோடு நின்றுபோனது. சீடியில் படித்தது மட்டும் கூட வந்தது.

கேபிள் எடுக்கலாமே என்று தம்பி கேட்டான். மாசக் காசைச் சொன்னதும் பேசாமல் இருந்துவிட்டான். பழைய சாமான் விற்கிற இடத்தில் 15 டொலருக்கு ஒரு யூ.எஸ்.பி. ட்யூனர் வாங்கினேன், பெருவிரல் அளவு. டிஜிட்டல் அலை பிடிக்கும் என்று மேலே எழுதியிருந்தது. விண்டோஸுக்கு மட்டும் என்றும் எழுதியிருந்தது.

இனி விசயத்துக்கு வருகிறேன், ஆர்வமில்லாதவர்கள் இரண்டு பந்தி தாண்டிப் போகலாம்.

இரவு பதினொன்றரைக்கு வேலை முடிந்து வந்து செருகினேன். கணனி என்ன நினைக்கிறது என்று பார்க்க லினக்ஸில் ஒரு கட்டளை இருக்கிறது. அடித்தால் வரிவரியாகக் கொட்டும். சாமானைக் கண்டுவிட்டேன், உள்ளே இருக்கிறது 3028 என்ற ட்யூனர் சிப், ட்ரைவரும் ஏற்றியாச்சு என்று எல்லாம் நல்லபடி வந்து, கடைசி வரியில் ஃபெர்ம்வெயர் கோப்பு இல்லை என்று நின்றது. இதுதான் பலரும் தலையைப் பிய்க்கிற இடம். ட்ரைவர் கணனிக்குள் ஓடுவது. ஃபெர்ம்வெயர் அந்தச் சிப்புக்குள்ளேயே ஓடுவது. செலவு குறைக்க, சிப்பில் அதை நிரந்தரமாக எழுதாமல், ஒவ்வொரு முறையும் கணனியே ஊட்டிவிடவேணும் என்று செய்துவிடுகிறார்கள். ட்ரைவரை வெளியாட்கள் எழுதலாம். ஃபெர்ம்வெயர் சிப் செய்தவனுடைய சொத்து, அதைக் கேட்காமல் பகிரமுடியாது. அப்ப எப்படி எடுக்கிறது? விண்டோஸுக்குக் கொடுத்த ட்ரைவர் கோப்புக்குள்ளேயே அது ஒளிந்திருக்கிறது. அதை இறக்கி, எந்த இடத்திலிருந்து எத்தனை எழுத்து வெட்டவேணும் என்று தெரிந்த ஒரு சின்ன நிரலை ஓட்டினால், வேண்டிய துண்டு தனியாக வரும். கோழியிலிருந்து ஈரலை மட்டும் எடுக்கிற மாதிரி. அதை ஃபெர்ம்வெயர் கோப்புறையில் போட்டு, ட்யூனரைக் கழற்றித் திரும்பச் செருகவேணும்.

பிறகு ஸ்கான். இங்கேயும் ஒரு சூட்சுமம். டிஜிட்டலில் சானல் இலக்கம் ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான். சான் பிரான்சிஸ்கோவின் 9ஆம் சானல் கேகியூஈடி, உண்மையில் அப்போது வந்தது 30ஆம் அலைவரிசையில். அதனால் அமெரிக்காவுக்குரிய அலைவரிசைப் பட்டியலைக் கொடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்லவேணும். முதல் இரவு ஒன்றுமே அகப்படவில்லை. குற்றம் லினக்ஸில் இல்லை, மலையில். சூட்ரோ கோபுரம் 977 அடி என்றாலும், அதற்கும் எங்களுக்கும் நடுவில் வளைகுடாவும், அதுக்குப் பிறகு மேற்கு மலைத்தொடரும் இருக்கிறது. சான் ரமோன் பள்ளத்தாக்கு. பழைய அனலொக் என்றால் மலைக்குப் பின்னாலும் பனி கொட்டுகிற மாதிரி ஒரு படமாவது வரும், ஆளின் குரல் கேட்கும். டிஜிட்டல் அப்படியில்லை. வந்தால் கண்ணாடி மாதிரி, வராவிட்டால் கறுப்பு. கடையில் பார்சல் கட்டுகிற அலுமினியத் தட்டை முயல்காது அன்ரனாவுக்குப் பின்னால் சாய்த்து, ஜன்னலில் வைத்து, அண்ணை பிடித்துக்கொண்டு நின்றார்.

"வருதோ?"

"இல்லை அண்ணை. கொஞ்சம் இடப்பக்கம்."

"வருதோடா?"

மூன்றாவது இரவு கேகியூஈடி வந்தது. அது 2009 மே மாத நடுப்பகுதி. அந்த நாட்களில் நாங்கள் எந்தச் செய்திக்காக ஜன்னலில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்று இங்கே வாசிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வன்னிக்குப் போன் எடுத்து எத்தனை கிழமை ஆகியிருந்தது. படம் மட்டும் தெளிவாக இருந்தது.

இப்படி அலை பிடிக்கிறது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றறி தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட பரம்பரை நாங்கள். பிபிசி தமிழோசை நேரத்துக்கு எங்கள் ஒழுங்கையில் சுற்றுவதற்கு முறை வைத்திருந்தார்கள். நான் சுற்றினால் செய்தி வாசிக்கிறவரின் குரல் ஏறி இறங்கும், பெரியவர்கள் ஏசுவார்கள். ரிவிக்கென்று கொக்காவிலில் இருந்த கோபுரம் 1990இல் சண்டையில் போனது, திரும்பக் கட்டித் திறந்தது 2011இல். இடையில் இருபத்தொரு வருடம். காற்றில் வருகிறது சும்மா வருகிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த 3028 சிப்புக்கு லினக்ஸ் ட்ரைவரை எழுதியவர்களில் ஒருவர் பிரேசில்காரர், மௌரோ கர்வாலோ செகாப். ஈரல் வெட்டுகிற நிரலும் அவருடையதுதான். அதற்கு முந்தின அத்திவாரம் பெர்லினில் கொன்வெர்ஜன்ஸ் என்ற சின்னக் கம்பனியில் போட்டது, அது 2003 டிசம்பரில் வந்த 2.6 கேர்னலோடு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ஜெர்மனிக்காரன் ஐரோப்பிய அலைக்கு எழுதினதன் மேல் பிரேசில்காரன் எழுதி, கடைசியில் சான் ரமோனில் ஒரு கொத்துறொட்டிக்காரன் படம் பார்க்கிறான். இதில் ஒருவரும் என்னிடம் விசா கேட்கவில்லை.

ஆனால் கேட்க நினைத்தவர்கள் இருந்தார்கள். 2003 நவம்பரில் எஃப்.சி.சி. ஒரு சட்டம் போட்டது. நிகழ்ச்சியோடு ஒரு கொடி அடையாளம் வரும், அதைக் கண்டால் கட்டுப்படுகிற பெட்டிகளையும் கார்ட்டுகளையும்தான் 2005 ஜூலை 1க்குப் பிறகு அமெரிக்காவில் செய்யலாம், விற்கலாம் என்று. மூலநிரலை யாரும் திறந்து மாற்றக்கூடிய லினக்ஸ் ட்ரைவர் அந்தச் சட்டத்துக்குள் அடங்கவே முடியாது. நாள் முடிய முதல் லினக்ஸுக்கென்றே செய்த பிசி-எச்டிரிவி என்ற கார்ட்டைச் சனம் வாங்கி வைத்தது. 2005 மே 6ஆம் திகதி வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. அலை வந்து சேர்ந்த பிறகு பெட்டிக்குள் நடப்பதைக் கட்டுப்படுத்த உனக்கு அதிகாரமில்லை என்பதுதான் தீர்ப்பு. வழக்குப் போட்டவர்களில் முன்னால் நின்றது அமெரிக்க நூலகச் சங்கம். யாழ்ப்பாணத்துக்காரனுக்கு நூலகக்காரரில் எப்பவும் ஒரு மரியாதை உண்டு, அன்றைக்கு இன்னும் கூடியது.

ஃபெர்ம்வெயரும் மூடின பொருள்தானே, அதை ஏன் தொடுகிறாய் என்று கட்டற்ற மென்பொருள் தீவிரவாதிகள் கேட்பார்கள். டெபியன்காரர்களும் கனகாலம் அதை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். 2022இல் வாக்கெடுத்துத்தான் நிறுவுகிற சீடிக்குள் விட்டார்கள். கொள்கை சரி. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு ஜன்னலில் தட்டோடு நிற்கிறவனுக்கு அந்த வாக்கெடுப்பில் இடமில்லை.

இப்போது வேறொன்று வருகிறது. ஏ.ரி.எஸ்.சி. 3.0 என்ற புது முறைக்கு 2017இல் எஃப்.சி.சி. அனுமதி கொடுத்தது. படம் இன்னும் நல்லது, பள்ளத்தாக்கிலும் நன்றாகப் பிடிக்கக்கூடிய அலை. இந்த முறைதான் எங்களுக்கு 2009இல் வேண்டியிருந்தது. ஆனால் பல நிலையங்கள் அதைப் பூட்டுப் போட்டே அனுப்புகின்றன. இலவச ஒளிபரப்பு, அதற்குப் பூட்டு! திறப்பு வேண்டுமென்றால் பெட்டி செய்கிறவன் உரிமம் எடுத்து, உள்ளே நடப்பதை ஒருவரும் பார்க்கமுடியாதபடி செய்யவேணும். நீதிமன்றம் 2005இல் வெளியே போட்டதைப் பின்கதவால் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அலை திறந்து வந்தால் ஒரு செகாப் எங்கேயாவது இருந்து ட்ரைவர் எழுதிவிடுவார். பூட்டி வந்தால் எழுதியும் பிரயோசனமில்லை.

அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். தம்பிக்கு டெக்சாஸில் சொந்தக் கடை. அந்த 15 டொலர் ட்யூனர் இன்னும் என்னிடம் இருக்கிறது, கணனி மட்டும் மூன்றாவது. பழைய முறை அலையும் இன்னும் வருகிறது. இங்கே காற்றுக் காலத்தில் 2ஆம் சானல் விட்டுவிட்டு வரும், 9 நிற்கும். யாருக்காவது இதே 3028 சிப் இருந்து ஃபெர்ம்வெயரில் மாட்டுப்பட்டால் எழுதுங்கள், எந்த நிரல், எந்தக் கோப்புறை என்று சொல்லுகிறேன். ஞாயிறு மட்டும்தான் லீவு.