தங்கவயலில் முட்தோலிகள்

நட்சத்திர மீனைப் பாட்டிலில் போடுமுன் மயக்க வேண்டும். நட்சத்திர மீன், பிரிட்டில் ஸ்டார், கடல் முள்ளெலி, கடல் அட்டை எல்லாம் சேர்ந்த முட்தோலிகளைப் பதப்படுத்துகிற வேலையில் முதல் பாடம் இதுதான். உயிரோடு எடுத்து நேராக ஃபார்மலினில் போட்டால் நட்சத்திர மீன் குழல் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, கைகளின் அடியில் இருக்கும் பள்ளத்தை இறுக்கிக்கொள்ளும். பிரிட்டில் ஸ்டார் தன் கைகளைத் தானே துண்டு துண்டாக உடைத்துப் போட்டுவிடும். கடல் அட்டையோ குடலையே வெளியே தள்ளிவிடும். அதனால் கடல்நீர்த் தட்டில் கிடத்தி, எப்சம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறோம். அதிலுள்ள மெக்னீசியம் நரம்பையும் தசையையும் மெல்ல அடக்குகிறது. ஊசிமுனையால் தொட்டாலும் குழல் கால் சுருங்காமல் நீண்டு கிடக்கிற நிலை வரவேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். காத்திருக்கத்தான் வேண்டும். பிறகுதான் ஆல்கஹால்.

இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது மண்டபம் கரையில். செய்துகொண்டிருப்பது கோலார் தங்கவயலில், ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில். வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் என் மாணவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போன குடும்பங்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடிய பிறகு, விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிற குடும்பங்களும்கூட. சுரங்கத்தின் ஆழம் இவர்களுக்குக் கதையாகவாவது தெரியும். கடலைப் பார்க்காதவர்கள் வகுப்புக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களுக்குக் கடல் முதலில் பாட்டிலில்தான் வருகிறது. அதில் இருப்பது சுருங்கிப்போன உடல் என்றால் அவர்கள் கற்பதும் சுருங்கிப்போகும். மயக்குவதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

நன்றாக மயக்கிய நட்சத்திர மீனைத் திருப்பிப் போட்டால், ஒவ்வொரு கையின் பள்ளத்திலும் குழல் கால்கள் வரிசையாக நீட்டியபடி நிற்கும். நட்சத்திர மீனின் முதுகில், நடுவுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பொட்டு இருக்கிறது. அது சல்லடைத் தட்டு. அங்கிருந்து நீர் நிறைந்த ஒரு குழல் இறங்கி வாயைச் சுற்றி வளையமாக ஓடுகிறது. வளையத்திலிருந்து கைக்கு ஒன்றாகக் குழல்கள் பிரிகின்றன. ஒவ்வொரு காலுக்கும் மேலே, உடலுக்குள், ஒரு சின்னக் குமிழ். குமிழ் சுருங்கினால் நீர் காலுக்குள் இறங்கி அதை நீட்டும். காலின் தசை சுருங்கினால் நீர் குமிழுக்குத் திரும்பும். ஜேசிபியின் கையை எண்ணெய் அழுத்தம் நீட்டுவதைப் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது.

காலின் நுனி வட்டு உறிஞ்சிப் பிடிக்கிறது என்றுதான் பாடநூல்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. இப்போது தெரிவது வேறு. வட்டு ஒருவகைப் பசையைச் சுரந்து ஒட்டுகிறது. விடும்போது வேறொரு சுரப்பு அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. நட்சத்திர மீன் நடந்துபோன கண்ணாடியைச் சாயமிட்டுப் பார்த்தால் காலடித் தடங்கள் வட்டவட்டமாகத் தெரியும். இந்தக் கால்களால்தான் அது சிப்பியின் இரண்டு ஓடுகளையும் பிடித்து இழுக்கிறது. மயிரிழை இடைவெளி கிடைத்தால் போதும், தன் இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளி ஓட்டுக்குள் நுழைத்து, சிப்பியை அதன் வீட்டிலேயே செரித்துவிடும்.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், இத உயிரோட கொண்டுவந்து பேத்தமங்கலா ஏரியில விட்டா வளருமா?” எங்கள் ஊருக்குக் குடிநீர் தருகிற ஏரி அது, பாலாற்றில் கட்டியது. பாலாறு போய்ச் சேருவது கடலில்தானே என்பது அவள் கணக்கு. அருமையான கேள்வி. முட்தோலிகளில் ஏறக்குறைய 7,000 இனங்கள் இன்று வாழ்கின்றன. நன்னீரில் வாழ்வது ஒன்றுகூட இல்லை. இவற்றுக்குச் சிறுநீரகம் போன்ற உறுப்பு கிடையாது. உடலுக்குள் இருக்கும் நீரின் உப்பும் வெளியே இருக்கும் கடலின் உப்பும் ஏறத்தாழ ஒன்று. ஏரியில் விட்டால் நன்னீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். அதை வெளியேற்ற வழியில்லை. கடல் இவற்றுக்கு வெறும் இருப்பிடம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. குழல்களில் ஓடி கால்களை நீட்டுவதும் கிட்டத்தட்ட அதே நீர்தான்.

இன்னொரு கேள்வி ஆண்டுதோறும் வரும்: இதுக்குத் தலை எது? லார்வாவாக மிதக்கும்போது இவற்றுக்கு நம்மைப் போல இடம், வலம் உண்டு. வளர்ந்த பிறகு ஐந்தாகப் பிரிந்த உடல். தலை இல்லை என்றுதான் பதில் சொல்லிவந்தோம். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நட்சத்திர மீனின் உடலில் எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று வரைந்து பார்த்தது. மற்ற விலங்குகளில் தலையை அமைக்கும் மரபணுக்களே அதன் மேற்பரப்பெங்கும் இயங்குகின்றன. முண்டத்துக்கு உரியவை அங்கே ஏறக்குறைய இல்லை. ஆக, தலை எது என்று கேட்ட பிள்ளைக்கு, ‘இதில் தலையல்லாதது எது என்று தேடு’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு இந்தப் பதிலைச் சொல்வதில் பெரிய சந்தோஷம்.

கடல் முள்ளெலியைப் பதப்படுத்துவது சுலபம். முட்களோடு ஒன்றை உலர்த்தி வைக்க வேண்டும். இன்னொன்றை நீர்த்த பிளீச்சில் ஊறவிட்டு முட்களை உதிர்க்க வேண்டும். மிஞ்சுகிற கூடு கைக்குக் கனமே தெரியாது. அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்வேன். ஊசிக்குத்தல் போன்ற துளைகள் உச்சியிலிருந்து அடிவரை பட்டை பட்டையாக ஒளிரும். துளைகள் இரண்டிரண்டாக இருக்கும். ஒரு ஜோடித் துளை, ஒரு குழல் கால் வெளிவந்த இடம். கால் ஒன்றுகூட மிச்சமில்லாத கூட்டில் அத்தனை கால்களின் இடமும் எழுதியிருக்கிறது. பட்டைகளை எண்ணிப் பார்த்தால் நட்சத்திர மீனின் அதே ஐந்து. கைகளை மேலே மடித்து உச்சியில் சேர்த்த நட்சத்திர மீன்தான் முள்ளெலி என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

எங்கள் ஊர்ப் பாறையில் இதன் புதைபடிவம் கிடைக்குமா என்றும் கேட்பார்கள். கிடைக்காது. பக்கத்தில் பெத்தபள்ளியில் இருக்கும் தலையணை எரிமலைப் பாறைகள் நீருக்கடியில் உறைந்தவைதான். ஆனால் அவற்றின் வயது ஏறக்குறைய 270 கோடி ஆண்டுகள். முட்தோலிகள் தோன்றியது 50 கோடி ஆண்டுகளை ஒட்டித்தான். புதைபடிவ முள்ளெலி பார்க்க அரியலூருக்குப் போக வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது கடல் அட்டைதான். மற்ற முட்தோலிகளின் சுண்ணாம்புக் கூடு இதில் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் தோலுக்குள் சிதறிக் கிடக்கிறது. இனம் காண அந்தத் துகள்கள் வேண்டும். தோலில் அரிசி அளவு நறுக்கி, கண்ணாடித் தகட்டில் வைத்து ஒரு சொட்டு பிளீச் விட்டால் சதை கரைந்து வெள்ளைத் தூள் மிஞ்சும். நீரால் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் குட்டி மேசைகளும் துளையிட்ட பொத்தான்களும் தெரியும். வெள்ளை அட்டை என்ற இனத்தின் பொத்தான்களில் முடிச்சு முடிச்சாக மேடுகள் இருக்கும். ஃபார்மலின் நாளாக நாளாக அமிலமாகும். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். வெளியே முழுசாகத் தெரிகிற அட்டை, உள்ளே ஒரு பொத்தான்கூட இல்லாமல் பாட்டிலில் கிடக்கும். பிறகு அது எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

இப்படிக் கெட்டுப்போனால் மாற்று கிடையாது. 2001-இல் கடல் அட்டைகள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. பிடிக்கவோ வாங்கவோ கூடாது. அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் மன்னார் வளைகுடாவில் அட்டை பிடித்துப் பிழைத்த குடும்பங்களின் நஷ்டம் சின்னதல்ல. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்துவிட்டது. யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் இன்று பண்ணைகள் நடக்கின்றன. நம் கரையிலோ உலர்ந்த அட்டை மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிற செய்திதான் வருகிறது. வேகவைத்து உலர்த்திக் கறுத்துச் சுருங்கியவற்றை இனம் காணவும் அதே பொத்தான்கள்தான் உதவுகின்றன.

எனவே சட்டத்துக்கு முன்பே பதிவேட்டில் ஏறிய எங்கள் அட்டைகளை ஃபார்மலினிலிருந்து எடுத்து, கழுவி, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றியிருக்கிறோம். ஒவ்வொன்றின் துகளுக்கும் ஒரு ஸ்லைடு செய்து பெட்டியில் வைத்தாயிற்று. கோடையில் ஆல்கஹால் குறைகிறதா என்று பார்த்து நிரப்புவதும் மூடி விளிம்பில் வாஸலின் தடவுவதும் மூன்றாமாண்டுப் பிள்ளைகளின் பொறுப்பு.