ஈ.டி. உங்க பேரைச் சொல்லும்!

அமெரிக்காவில் ஆர்லாண்டோ பக்கம் போனீங்கன்னா, யுனிவர்சல் ஸ்டுடியோஸ்ல 'ஈ.டி. அட்வெஞ்சர்' வரிசையில நின்னு பாருங்க. ஃப்ளோரிடா வெயில்ல வெந்துட்டு உள்ளே நுழைஞ்சா ஒரே இருட்டு, ஜில்லுனு காடு, பைன் மர வாசனை! அந்த வாசனைக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு. உங்க பேரைக் கேட்டு ஒரு அட்டை தருவாங்க. தொலைச்சிடாதீங்க.

ஸ்பீல்பெர்க் படம் வந்தது 1982. இந்த ரைடு 1990. மேலே ஓடுற தண்டவாளத்துல தொங்குற சைக்கிள்ல ஏறினா, முன்கூடையில வெள்ளைத் துணி போர்த்தின ஈ.டி.யோட ஊர் விளக்குகளுக்கு மேல பறக்கலாம். கடைசியில ஈ.டி. உங்க பேரைச் சொல்லி டாட்டா காட்டும். அட்டை அதுக்குத்தான்!

சண்டையும் இங்கேதான். "பொம்மையெல்லாம் ஓல்டு, திரை வெச்சு 3டி ஆக்குங்க"ன்னு ஒரு கோஷ்டி. என் சித்தப்பா பையன் அந்தக் கட்சி. "கைய வெச்சா நடக்கிறதே வேற"ன்னு பழைய ரசிகர்கள். அவங்க பயம் நியாயம்தான். ஹாலிவுட்ல இருந்த ஈ.டி. ரைடு 2003-லயும், ஒசாகாவுல இருந்தது 2009-லயும் போயிடுச்சு. மிச்சம் இது ஒண்ணுதான்.

இன்ஜினியரிங் படிக்கிற என் ஓட்டு? மோட்டார், மூட்டு, விளக்கு... தாராளமா மாத்துங்க. திரை மட்டும் வேணாம். திரையில பார்க்க ஹாஸ்டல் லேப்டாப் போதாதா? அங்கே நிஜமா ஒரு விரல் நம்ம பக்கம் நீளணும் பாஸ்!

அப்புறம், கவுன்ட்டர்ல 'கோபாலகிருஷ்ணன்'னு முழுசா அடுக்காதீங்க. வீட்ல கூப்பிடுற பேரே போதும். ஈ.டி. பாவம்ல!