சானன் பள்ளத்தாக்கின் வெள்ளை ஆடுகள்

ஸ்விட்சர்லாந்துக்குப் போகிறவர்கள் பனிமலையையும் சாக்லேட்டையும் பற்றித்தான் வந்து சொல்வார்கள். நான் ஆட்டைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்களேன்!

மோன்த்ரோவில் சின்ன ரயிலில் ஏறி, மலையைச் சுற்றிச் சுற்றிப் போனால் சானன் வருகிறது. பெர்ன் மாநிலத்தில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், மர வீடுகள் நிறைந்த ஊர். ஜே. கிருஷ்ணமூர்த்தி 1961 முதல் 1985 வரை கோடைதோறும் வந்து பேசியது இங்கேதான்.

உலகமெங்கும் பேர் வாங்கிய சானன் பால் ஆட்டுக்கு இதுதான் பிறந்த வீடு. மல்லிகைப்பூ நிறம், குட்டை ரோமம். நல்ல தீனி போட்டால் நாளுக்கு 3 லிட்டர் கறக்கும். ஹரியானாவில், கர்னால் தேசிய பால்வள ஆராய்ச்சி நிலையத்தில், நம் பீட்டல் ஆட்டோடு இதைக் கலந்து பார்த்திருக்கிறார்கள்.

நான் பார்த்தது ஒரு குடும்பம் தானே நடத்தும் சின்னப் பண்ணை. ஒவ்வொரு ஆட்டின் காதிலும் எண் போட்ட வில்லை. எண்ணைச் சொன்னால் அம்மா யார், அப்பா யார், பாட்டி எவ்வளவு கறந்தாள் என்று வம்சாவளிப் பதிவேடு சொல்லிவிடும். நம் வீட்டு ஜாதகக் கட்டு தோற்றது போங்கள்!

பொருத்தமும் பார்க்கிறார்கள். பிறவியிலேயே கொம்பில்லாத கிடாவையும் பெட்டையையும் சேர்த்தால், பெட்டையாகப் பிறக்க வேண்டிய குட்டிகளில் சில ஆணுமின்றிப் பெண்ணுமின்றி மலடாகிவிடும். அதனால் ஜோடியில் ஒன்றாவது கொம்புள்ள பிறவியாக இருக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் சேர்த்தால் சுமார் 150 நாளில் குட்டி. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தாக வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் இருக்கிறது.

பெட்டைக் குட்டிக்குப் பதிவேட்டில் இடம் உண்டு. கிடாக் குட்டிக்கு? ஒன்றிரண்டு தவிர மற்றவை இறைச்சிக்குத்தான். "கிடாக் குட்டிக்குப் பேர் வைக்கக் கூடாதுன்னு பிள்ளைகள்கிட்டே சொல்லி வெச்சிருக்கேன். பேர் வெச்சுட்டா அனுப்ப மனசு வராதுங்க" என்றார் வீட்டுக்கார அம்மாள். அவர் சொன்னதை மகள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லிவிட்டு, மெதுவாக, "நான் ரகசியமா வெச்சிருக்கேன்" என்றாளே பார்க்கணும்! அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றியது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டுப்பால் சத்துள்ளதுதான். ஆனாலும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்காதீர்கள். இதில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு, ரத்தசோகை வரும். பசும்பால் ஒவ்வாத குழந்தைக்குப் பெரும்பாலும் ஆட்டுப்பாலும் ஒவ்வாது. டாக்டரைக் கேட்டே கொடுங்கள். பெரியவர்களுக்கும் பச்சைப்பால் வேண்டாம். ஆடு எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும், பாலைப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள்.