நான் எழுதாத சோதினை

தையல் மெசினுக்குப் பின்னால் மடித்துச் செருகிய ஒரு மாதிரி வினாத்தாளைக் கண்டெடுத்தேன். 88 புள்ளி. சந்தோசத்தோடு விரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது, 58 என்பதைச் சிவப்புப் பேனையால் 88 ஆக்கியிருக்கிறாள் என் மகள். அன்று அவளுக்கு அடித்தேன். அதை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தாயார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பிள்ளை, நீ எழுதாத சோதினையை இவள் எழுதோணுமோ?"

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது நான் நான்காம் வகுப்பு. தென்மராட்சியில் அகதியாக இருந்துவிட்டு அடுத்த ஆண்டு ஊர் திரும்பினோம். அந்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையை நான் எழுதவில்லை. ஜாம்போத்தல் விளக்கில் படித்தவள் நான், மின்விளக்கில் படிக்கும் பிள்ளைக்கு என்ன குறை என்று நினைத்திருந்தேன். அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அதன் பிறகு புள்ளியைப் பார்ப்பதை விட்டு, பிழைத்த கேள்விகளைப் பார்க்கத் தொடங்கினேன். முதலாம் வினாத்தாளில் ஒரு மணித்தியாலத்தில் 40 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். இரண்டாம் வினாத்தாளில் ஒன்றேகால் மணித்தியாலத்தில் 60 கேள்விகள். அதில் ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடம்தான். மகளுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஒரு உருவத் தொடரில் சிக்கினால் அதிலேயே பத்து நிமிடம் நின்றுவிடுவாள். கடைசிக் கேள்விகளைத் தொடவே நேரம் இருக்காது. "தெரியாததில் ஒரு புள்ளடி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ, பிறகு திரும்பி வா" என்று பழக்கினோம். அதற்குச் சுவர் மணிக்கூடு ஒன்றே போதுமாக இருந்தது.

தசமத்தை என் அளவு நாடாவில் காட்டினேன். 1 மீற்றர் 25 சென்ரிமீற்றர் துணி 1.25 மீற்றர் என்று அவளே சொன்னாள். சந்தைக்குப் போனால் மிச்சக்காசை அவள்தான் எண்ணுவாள். இரவு பத்திரிகையில் ஒரு செய்தியை வாசித்து, அதில் நானொரு கேள்வி கேட்க, அவளொரு கேள்வி கேட்பாள். எட்டரைக்குப் பாய். பரீட்சைக்கு முந்திய நாள்களில் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்வது வழக்கம். அந்த நாள்களில் வீட்டிலும் வினாத்தாளை மூடிவைத்தோம்.

சகோதரிகளே, இந்தப் பரீட்சை இரண்டு காரியங்களுக்கு உதவுகிறது. வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுக்கும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கிடைக்கும். பெரிய பாடசாலைகளில் ஆறாம் தரத்துக்கு இடமும் கிடைக்கும். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பணம் பெரிதுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது கிடைக்காத பிள்ளைக்கும் ஆறாம் தரம் உண்டு, இலவசப் பாடநூல் உண்டு, சாதாரண தரமும் உயர்தரமும் உண்டு. பத்து வயதில் எந்தக் கதவும் அடைபட்டுப் போவதில்லை.

என் மகளுக்கு வெட்டுப்புள்ளிக்கு ஏழு புள்ளி குறைந்துவிட்டது. இப்போது ஊர்ப் பாடசாலையிலேயே ஆறாம் தரம் படிக்கிறாள். மாதாமாதம் வரக்கூடிய அந்தக் காசை நினைத்தால் எனக்குக் கவலை வரத்தான் செய்கிறது.

ஆனாலும் பெறுபேறு வந்த அன்று, நான் கேட்பதற்கு முன்னமே, அவள் மெசினடிக்கு வந்து நின்று சொன்னாள்: "அம்மா, ஏழு குறைஞ்சு போச்சு."

எண்ணை மாற்றவில்லை. எதையும் ஒளிக்கவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டேன்.