குளிருக்கு எரிக்கும் விறகு: கொஞ்சம் நீளமான இழை

நீலகிரியில் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். டிசம்பர், ஜனவரி விடியக்காலையில் இங்கே புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயில் ஏறுகிற வரைக்கும் கைவிரல் மடங்காது. இங்கே விறகு சோறாக்குவதற்கு மட்டும் இல்லை, குளிர் காய்வதற்கும்தான்.

கேஸ் வந்த பிறகும் விறகடுப்பு ஏன் போகலைன்னு சமவெளி நண்பர்கள் கேட்பாங்க. 14.2 கிலோ சிலிண்டரில் சமைக்கலாம். வீட்டைச் சூடாக்க முடியுமா? ஹீட்டர் வாங்கிடலாம், கரண்ட் பில்லை யார் கட்டுவது? தோட்டத்து லயன் வீட்டில் இருப்பவரிடம் "விறகு எரிக்காதீங்க" என்று ஓபி சீட்டில் நான் எழுதிக் கொடுப்பதில்லை. எழுதினாலும் அவரால் கேட்க முடியாது. எந்த விறகு, எப்படிக் காய்ந்தது, எங்கே அடுக்கியிருக்கு என்று கேட்பதுதான் என்னளவில் உருப்படியான வைத்தியம்.

என்னிடம் வரும் ஒரு பாட்டிக்கு வயது அறுபதைத் தாண்டியாச்சு. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் சிஓபிடி இருக்கு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பார்கள். புகைபிடிக்கிற ஆண்களுக்குத்தான் வரும் என்று பலர் நினைக்கிற அதே நோய். வாழ்நாள் முழுக்க அடுப்புப் புகைக்குள் உட்கார்ந்த பெண்களுக்கும் இது வரும். போன குளிர்காலத்தில் மூணு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு நெபுலைசருக்கு வந்துட்டாங்க.

"என்ன விறகு எரிக்கிறீங்க பாட்டி?"

"சீகைதான் டாக்டரம்மா. நல்ல விறகாச்சே."

"எப்ப வெட்டினது?"

"போன வாரம் பேரன் கொண்டாந்து போட்டான்."

விஷயம் இங்கதான் இருக்கு. சீகை நல்ல விறகுதான், கனமான மரம், நல்ல சூடு தரும். ஆனால் வெட்டிய ஒரு வாரத்தில் அது விறகே இல்லை, மரம். பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீராக இருக்கும். பத்து கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால், ஏறக்குறைய அஞ்சு லிட்டர் தண்ணியையும் சேர்த்து வைக்கிறோம்னு அர்த்தம். நெருப்பு முதலில் அந்தத் தண்ணியை ஆவியாக்கணும். மிச்சமிருக்கிற சூட்டில்தான் நாம குளிர் காயணும்.

சூடு குறைவது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம், அடுப்பின் வெப்பம் இறங்கிவிட்டால் மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் முழுசாக எரியாது. எரியாத அந்த மிச்சம்தான் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை. அதில் இருக்கும் நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. மூக்கு முடியும் சளியும் தடுக்காது. நேரே நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்காரும். நன்றாகக் காய்ந்த விறகில் ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்கும். அதே அடுப்பு, அதே மரம், புகை மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையும்.

காய்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைச் சொல்லிக் கொடுத்ததே அந்தப் பாட்டிதான். என் படிப்பில் இதெல்லாம் கிடையாது. ரெண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கணும். காய்ந்திருந்தால் "டங்"குன்னு கணீரென்று கேட்கும், பச்சையாக இருந்தால் "தொப்"புன்னு அடங்கிடும். வெட்டு முனையில் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கீறல் விட்டிருக்கும். பட்டை தானாகக் கழன்று வரும். அடுப்பில் வைத்தால் முனையில் நுரை தள்ளாது. "இது தெரியாமயா எரிக்கிறோம்? காய வைக்க நாள் எங்க இருக்கு?" என்றார் பாட்டி. நியாயமான கேள்வி.

எங்கள் மலையில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. குளிர் கடிக்கிற டிசம்பரில் கையில் கிடைப்பது ரெண்டு மழையும் குடித்த கட்டை. ஆகவே இந்தக் குளிருக்கான விறகைப் போன ஜனவரி, பிப்ரவரியிலேயே வெட்டி, அப்போதே பிளந்திருக்கணும். பிளப்பது ரொம்ப முக்கியம். பட்டை தண்ணியை உள்ளேயே பூட்டி வைக்கும், ஈரம் வெளியேறுவது வெட்டு முனையிலும் பிளந்த முகத்திலும்தான். கற்பூர மரம், அதாங்க யூகலிப்டஸ், பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் கோடாலிதான் எகிறும்.

வேறு மரங்கள்? பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் தூரும் வேரும் அருமையான விறகு, நின்று எரியும். சில்வர் ஓக் லேசான மரம், சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிந்தும் போகும், அடுப்பு பற்ற வைக்க நல்லது. பைன் கட்டையில் பிசின் அதிகம், கரி அப்பும். அரளியை எந்தக் காரணத்துக்கும் எரிக்கக் கூடாது, அதன் புகையும் விஷம். பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் துண்டு இதெல்லாம் விறகு இல்லை, குப்பை. பால் பாக்கெட் கவரைக் கொளுத்தி அடுப்பு மூட்டுகிற பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காய்ந்த கற்பூர மரப்பட்டை அதைவிட நன்றாகப் பற்றும், காசும் இல்லை.

இனி அடுக்குவது. மண்ணில் நேரடியாகப் போடாதீர்கள், கீழே கல்லோ பழைய கட்டையோ கொடுத்துத் தூக்குங்கள். சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் அல்லது ஷீட், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். தார்ப்பாயால் சுற்றி மூட்டை கட்டினால் மழை உள்ளே போகாது, சரிதான், ஈரமும் வெளியே வராது. பூஞ்சைதான் பூக்கும். ஆஸ்துமா இருக்கிற வீட்டில் அதற்கும் மூச்சிழுக்கும். வீட்டுக்குள் அன்றைக்கும் மறுநாளைக்கும் தேவையானது மட்டும் போதும்.

விறகைக் கட்டிலுக்கு அடியில் அடுக்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லணும். விறகு அடுக்கில் எலி கூடு கட்டும். எலியோடு சின்ன உண்ணியும் வரும். அந்த உண்ணியின் குஞ்சு கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் காய்ச்சல் வரலாம். புதரில் விறகு பொறுக்கப் போகிறவர்களுக்கும் இதே ஆபத்து. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புத் தழும்பு இருக்கும், வலிக்காது, அதனால் பலர் கவனிப்பதே இல்லை. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்துக்கு அடியில் எல்லாம் நாங்கள் தேடிப் பார்ப்பது அதற்காகத்தான். கூச்சப்படாதீங்க. டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும், தாமதமானால் நுரையீரல், கிட்னி வரை போகும்.

பாட்டியின் பேரன் ஜனவரியிலேயே வெட்டிப் பிளந்து போட்டுவிட்டான். இந்த டிசம்பர் முழுக்க ஒரே ஒரு தடவைதான் நெபுலைசருக்கு வந்தார். இன்ஹேலரையும் ஒழுங்காக இழுக்கிறார், அதற்கும் பங்கு உண்டு. அடுப்புக்கு மேலே ஓட்டைப் பெயர்த்து ஒரு புகைபோக்கியும் வைத்திருக்கிறார்கள். இருமல் போகலை. சேதமான நுரையீரல் பழையபடி திரும்பாது, அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "மூச்சு விட்டு ராத்திரி தூங்குறேன், போதும்" என்றார்.

இதுவரை சொன்னது புகை. இனி சொல்லப் போவது புகையே இல்லாத ஆபத்து.

போன மாசம் ஒருநாள் காலை ஆறு மணிக்குக் கணவன், மனைவி, எட்டு வயசுப் பையன். மூணு பேருக்கும் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம். முந்தின நாள் சாப்பிட்ட பரோட்டாதான் காரணம்னு முடிவு பண்ணிட்டு வந்திருந்தாங்க. வயிற்றுப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை. மூணு பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி.

"ராத்திரி ஜன்னலைச் சாத்திட்டு உள்ளே கணப்பு வச்சீங்களா?"

"ஆமா டாக்டர், இரும்புச் சட்டியில. ஆனா புகையே இல்லையே, நல்லா கனிஞ்ச தணல்தான்."

கனிந்த தணல்தான் கார்பன் மோனாக்சைடை அதிகம் விடும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மூணு பேருக்கும் 98 என்றுதான் காட்டியது. அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். மூவரும் மறுநாள் வீட்டுக்குப் போனார்கள். தூக்கத்தில் முழிப்பு வந்ததால் பிழைத்தவர்கள். கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியைப் படித்திருப்பீர்கள்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சுற்றுலா வருகிறவர்களே, உங்களுக்கும்தான். தணல் சட்டி, குமுட்டி, பார்பிக்யூ எதுவும் தூங்குகிற அறைக்குள் வேண்டாம். குளிர் காய்ந்து முடித்ததும் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள். புகைபோக்கி உள்ள அடுப்பாக இருந்தாலும் ஜன்னலை ஒரு கை நுழைகிற அளவு திறந்து வையுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ரெட்டைக் கவனம் வேண்டும், வயிற்றுப் பிள்ளையின் ரத்தம் இந்த வாயுவை இன்னும் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே அறையில் படுத்த ரெண்டு பேருக்குக் காலையில் தலைவலி என்றால், முதலில் கதவைத் திறந்து எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். அப்புறம் 108. வந்ததும் "உள்ளே தணல் இருந்தது" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.