ராஸ்கோ: இறகால் ஈ கட்டும் ஊர்

நியூயார்க் மாநகரிலிருந்து வடமேற்கே, 17ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சென்றால் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ராஸ்கோ என்னும் சிற்றூரை அடையலாம். பீவர்கில், வில்லோவீமாக் என்னும் இரண்டு சிற்றாறுகள் இங்கே கூடுகின்றன. ('கில்' என்பதைக் கேட்டு அஞ்ச வேண்டாம், முற்காலத்தில் குடியேறிய டச்சுக்காரர்களின் மொழியில் அதற்கு ஓடை என்று பொருள்.) கூழாங்கற்களின்மேல் ஓடும் குளிர்ந்த நீரில் டிரவுட் மீன்கள் வாழ்கின்றன. அவற்றைத் தேடி வருவோரை நம்பியே இவ்வூரின் வாணிபம் பெரிதும் நடைபெறுகிறது.

இவர்களுள் பெரும்பாலோர் தூண்டிலில் புழுவைக் கோப்பதில்லை. சேவலின் கழுத்து இறகையும் விலங்கு மயிரையும் சிறிய தூண்டில் முள்ளில் பட்டுநூலால் கட்டி, பூச்சியைப் போலவே தோன்றச் செய்து நீரின்மேல் மிதக்க விடுகின்றனர். அதற்குச் 'செயற்கை ஈ' என்று பெயர். மேசை விளிம்பில் பொருத்திய சிறு வைஸில் முள்ளைப் பிடிக்க வைத்து, ஒவ்வொன்றையும் கையால்தான் கட்ட வேண்டும். இதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக வாழ்கின்றனர். ஆயிரக்கணக்கான ஈ வகைகளில் எவற்றைக் கட்டினால் விலைபோகும் என்பதே அவர்களை என்றும் வாட்டும் கேள்வி.

1890ஆம் ஆண்டில் தியோடர் கார்டன் என்பவர் இங்கிலாந்தின் ஹால்ஃபோர்டிடமிருந்து சில மிதக்கும் ஈக்களைத் தபாலில் பெற்றார். அவை அந்நாட்டின் அமைதியான நீரோடைப் பூச்சிகளைப் பார்த்துச் செய்யப்பட்டவை. கேட்ஸ்கில்லின் துள்ளியோடும் நீருக்கு அவை ஒத்துவரவில்லை. கார்டன் தம் ஆற்றின் பூச்சிகளைக் கூர்ந்து நோக்கி, விறைப்பான சேவல் இறகால் புதிய ஈக்களைக் கட்டினார். மயிற்பீலியின் இழையைச் சுரண்டி எடுத்த நரம்பை உடலாகச் சுற்றிய 'குவில் கார்டன்' அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அவரிடம் இக்கலையைப் பயின்ற ராய் ஸ்டீன்ராட், 1916இல் 'ஹெண்ட்ரிக்சன்' என்னும் ஈயை உருவாக்கினார்.

அக்காலத்தில் தொழில் இரகசியத்தை எளிதில் எவரும் சொல்லித் தரமாட்டார்கள். வால்ட் டெட்டி என்னும் இளைஞர் ரூப் கிராஸ் என்ற தேர்ந்த கைவினைஞரை அணுகியபோது, அவர் கற்றுத்தர மறுத்துவிட்டார். டெட்டியும், பின்னர் அவர் மனைவியான வின்னியும், நண்பர் ஹாரி டார்பியும் கிராஸ் கட்டிய ஈக்களையே வாங்கிவந்து, நூலைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டனர். 1928இல் தொடங்கிய டெட்டி குடும்பத்தின் தொழில் தலைமுறை கடந்தும் நிலைத்தது. டார்பியோ நல்ல சாம்பல்நிற இறகு கிடைக்காத குறையைப் போக்கத் தாமே சேவல் வளர்க்கத் தொடங்கினார். என் எண்ணத்தில், கட்டுவதற்குரிய வகையைத் தேர்வதில் பாதி, அதற்கான பொருள் அடுத்த ஆண்டும் கிடைக்குமா என்று பார்ப்பதுதான். 2011இல் பெண்கள் கூந்தலில் நீண்ட சேவல் இறகுகளைச் செருகிக்கொள்ளும் நாகரிகம் அமெரிக்காவில் பரவியது. இறகின் விலை பன்மடங்கு உயர, ஈ கட்டுவோர் திண்டாடிப் போயினர். கூந்தல் அலங்காரம் மீன்பிடித் தொழிலைத் தாக்கும் என்று யார்தான் நினைத்திருப்பார்!

அடுத்தது நேரக் கணக்கு. ஓர் ஈக்குப் பத்து நிமிடமென்றால் ஒரு டஜனுக்கு இரண்டு மணி நேரம். காட்டு வாத்தின் விலா இறகை இரு சிறகுகளாகப் பிரித்து நிமிர்த்தும் கேட்ஸ்கில் ஈக்கு அத்தனை நேரமும் பிடிக்கும். பன்னிரண்டும் அச்சில் வார்த்தாற்போல் ஒத்திருக்க வேண்டும்; ஒன்று கோணினாலும் வாங்குபவர் முகம் கோணும். 1967இல் பென்சில்வேனியாவில் ரசல் பிளெசிங் உருவாக்கிய 'வூலி பக்கர்' விரைவில் கட்டக்கூடியது. எல்லா ஊரிலும் விற்பது. 1922இல் மிச்சிகனில் பிறந்த 'ஆடம்ஸ்' எந்தப் பூச்சியையும் குறிப்பாகப் பார்த்துச் செய்யப்பட்டதன்று. ஆகவே எந்த ஆற்றுக்கும் பொருந்தும். அப்படியானால் இவற்றையே கட்டி விற்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். எங்கும் விற்கும் ஈயை எங்கிருந்தும் கட்டலாம். இன்று அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஈக்களுள் பெரும்பகுதி கென்யா, தாய்லாந்து, இலங்கை போன்ற நாடுகளில் கட்டப்பட்டு வருகிறது. அங்குள்ள தொழிலாளரின் கைத்திறன் எவ்வகையிலும் குறைந்ததன்று, கூலிதான் குறைவு. அந்த விலையோடு ராஸ்கோவின் கைவினைஞர் போட்டியிட இயலாது.

அவருக்கு எஞ்சியிருப்பது தம் ஆற்றின் அறிவே. இந்த ஆற்றுப் பூச்சியின் வயிறு எந்த நிறம், எந்த வாரத்தில் அது சிறகு விரிக்கும் என்பதை அருகிலிருப்பவரே அறிவார். ஏப்ரலில் குவில் கார்டன், மாத இறுதியில் ஹெண்ட்ரிக்சன், மே நடுவில் 'மார்ச் பிரவுன்' (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்), ஜூன் தொடக்கத்தில் பெரிய 'கிரீன் டிரேக்' என்று ஆறு தன் நாட்காட்டியை வைத்திருக்கிறது. ஆகவே வெளியே பனி கொட்டும் ஜனவரியிலேயே ஹெண்ட்ரிக்சனைக் கட்டி அடுக்க வேண்டும். குறைவாகக் கட்டினால் வந்தவர் வேறு கடைக்குப் போய்விடுவார். மிகுதியாகக் கட்டினால், மே பாதி கழிந்தபின் கேட்பார் இருக்கமாட்டார். மீந்த டஜன்கள் அந்துப்பூச்சி அரிக்காமல் அடுத்த ஏப்ரல்வரை பெட்டியில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.