ட்ரிப்பர் ஏன் விழுகிறது?

“கிரைண்டரைத் தொட்டா என்னம்மா செய்யுது?” என்றுதான் வயர்மேன் அண்ணன் முதலில் கேட்டார். மெயின் பாக்ஸ் பக்கமே போகவில்லை.

“ஒண்ணும் செய்யாதுப்பா. ஈரக்கையோட தொட்டா லேசா சுருக்குங்கும். செருப்ப மாட்டிக்கிட்டு ஆட்டுவேன்” என்றார் வீட்டுக்கார அம்மா.

ஆத்தூரில் காமராஜர் அணைக்குப் போகும் வழியில் இருக்கும் ஓட்டு வீடு அது. முன்னறைக்கு மட்டும் பின்னாளில் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். ஐப்பசி மழையில் ஊறிய சுவர் இன்னும் காயவில்லை. மழை வந்தாலே ட்ரிப்பர் விழுகிறது, அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு இது பழகிய கோரிக்கை. செம்பட்டி, சின்னாளபட்டி வரை வேலைக்குப் போகிறவர். சில வீடுகளில் ட்ரிப்பர் பெட்டிக்குள்ளேயே இருக்குமாம், ஒயர் மட்டும் அதைத் தொடாமல் சுற்றிப் போயிருக்குமாம்.

கூட வந்த பையன் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு எழுதக் காத்திருக்கிறான். அதற்கு 21 வயதும் 5 ஆண்டு அனுபவமும் வேண்டும். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அவன் சமையலறை சுவிட்ச் போர்டைக் கழற்றினான். உள்ளே பிளக் பாயின்ட்டின் பின்புறம் பழுப்பேறி உருகியிருந்தது. திருகாணி தளர்ந்த இடத்தில் கரண்ட் பாயும்போதெல்லாம் சூடேறும். அந்தச் சூட்டில் திருகாணி இன்னும் தளரும். ரெண்டரை ஸ்கொயர் ஒயர் போக வேண்டிய பாயின்ட்டுக்கு லைட்டுக்குப் போடும் மெல்லிய ஒயர் வந்திருந்தது. நடுவில் முறுக்கிச் சேர்த்த ஜாயின்ட்; மேலே சுற்றிய டேப் காய்ந்து தானாகவே பிரிந்து கிடந்தது. எர்த்துக்கு மட்டுமே உரிய பச்சை ஒயரை ஃபேஸுக்குப் போட்டிருந்தார்கள். இதைப் பார்த்ததும்தான் அண்ணனுக்குக் கோபம் வந்தது. நாளைக்கு வேறொருவர் பச்சைதானே என்று நம்பிக் கை வைப்பார்.

கிரைண்டர் பிளக்கை எடுத்து அம்மாவிடம் காட்டினார். மூன்று பின்னில் மேல் பின் இல்லை. பழைய இரண்டு ஓட்டை போர்டில் சொருகுவதற்காக யாரோ அறுத்திருக்கிறார்கள். அந்தப் பின்தான் மூன்றிலும் நீளமானது, தடிமனானது. சொருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், உருவும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

பிறகு மெயினைப் போட்டு, எர்த்தைச் சோதிக்க ஒரு குண்டு பல்பு. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கொடுத்தபோது பளிச்சென்று எரிந்தது. ட்ரிப்பருக்கு முன்னாலிருந்து ஃபேஸ் எடுத்து, எர்த்துக்குக் கொடுத்தார். உள்ளிழை மட்டும் மங்கலாகச் சிவந்தது. கொல்லையில் தோண்டிப் பார்த்தால் எர்த் பைப்பின் கிளாம்ப் துருவேறி, கம்பி பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஃபியூஸ் இருக்குல்ல, அது போயிரும்ல?” என்றார் அம்மா. எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான் இது. அண்ணன் தரையில் கரித்துண்டால் கணக்குப் போட்டார். கிரைண்டர் உடம்பில் ஃபேஸ் பட்டு, எர்த் சுமாராக வேலை செய்து, அதன் தடை 20 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி அதற்கு அசையாது. கிரைண்டர் உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். ஃபியூஸும் எம்.சி.பியும் ஒயர் கருகாமல் காப்பவை. ஆளைக் காப்பது ட்ரிப்பர். ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் ஒன்றா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தால்கூட நொடிக்குள் துண்டித்துவிடும். வீடுகளுக்கு அந்த 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பர் கட்டாயம் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. ஆனால் மின்வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. அதைத் தாண்டி வீட்டுக்குள் இருக்கும் ஒயர் வீட்டுக்காரர் பாடு.

“அப்ப மழைக்கு விழுந்தது?” 

ஒவ்வொரு லைனாகப் பிரித்து, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றிப் பார்த்தார்கள். இதற்குத்தான் நேரம் பிடித்தது. கொல்லைக் குளியலறை லைனை எடுத்ததும் ட்ரிப்பர் விழாமல் நின்றது. ஊறிய சுவரில் புதைந்த ஜாயின்ட் வழியே கரண்ட் ஈரத்துக்குள் இறங்கியிருக்கிறது. “அது சரியாத்தான்மா சொல்லியிருக்கு. நாமதான் வாயை அடைக்கச் சொல்றோம்.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு செலவைக் கேட்டார். எர்த் குழியும் சமையலறை ஒயரிங்கும் இப்போது, குளியலறை பொங்கலுக்குப் பிறகு என்று முடிவானது. அதுவரை அந்த லைனைப் பிரித்தே வைத்துவிட்டார் அண்ணன். விளக்கிச் சொன்ன நேரத்துக்குக் கூலி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். அன்று நடந்த வேலையில் பாதி அதுதான்.

உங்கள் வீட்டு ட்ரிப்பரில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். கரண்ட் இருக்கும்போது அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றைக்கே உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு மாற்றுங்கள்.